இரட்சிப்பை இழக்க முடியுமா? சபைகள் ஏன் ஒரே பதிலைச் சொல்வதில்லை

பல வருடம் மேடையில் நின்று பிரசங்கித்த ஒருவர் திடீரென்று ஒரு நாள் "எனக்கு இனி விசுவாசம் இல்லை" என்று அறிவித்துவிட்டால், விசுவாசிகளுக்குள் விவாதம் கிளம்ப அதிக நேரம் ஆகாது. "பாவம், இரட்சிப்பை இழந்துவிட்டார்" என்பார் ஒருவர். "அவர் இரட்சிக்கப்படவே இல்லை, அப்படியிருந்தால் போயிருக்கவே மாட்டார்" என்பார் இன்னொருவர். மூன்றாவதாக ஒருவர் வருவார்: "என்றைக்கோ இயேசுவை ஏற்றுக்கொண்டாரே, அது போதும். இனி அவர் என்ன சொன்னாலும் பரலோகம்தான்." மூவரும் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள். மூவருக்கும் வசனம் கிடைக்கும்.

வழக்கமாக இந்த விவாதத்தை இரண்டு அணிகளாகப் பிரிப்பார்கள்: இழக்கலாம் என்பவர்கள் ஒரு பக்கம், இழக்க முடியாது என்பவர்கள் மறுபக்கம். இரண்டாமவரும் மூன்றாமவரும் ஒரே அணியில் போய் விழுவார்கள். என் கணிப்பில் அந்தப் பிரிவினையே தவறு. முதலாமவரும் இரண்டாமவரும் நடைமுறையில் மிகவும் நெருங்கியவர்கள், மூன்றாமவர்தான் தனி. அது எப்படி என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எந்த இரட்சிப்பு, எந்த விசுவாசி, எந்த இழப்பு?

பாதிச் சண்டை இந்த மூன்றையும் ஆளுக்கொரு அர்த்தத்தில் பேசுவதால் வருவது.

1. இரட்சிப்பு. எபேசியர் 2:8 அதை முடிந்துபோன காரியமாகச் சொல்கிறது: "இரட்சிக்கப்பட்டீர்கள்." 1 கொரிந்தியர் 1:18 "இரட்சிக்கப்படுகிற நமக்கோ" என்று நடந்துகொண்டிருப்பதாகப் பேசுகிறது. ரோமர் 13:11 இரட்சிப்பு முன்பைவிட இப்போது சமீபித்திருக்கிறது என்கிறது. அதாவது இன்னும் வந்து சேரவில்லை. இறையியலில் இந்த மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. பாவி என்ற தீர்ப்பு நீங்கி தேவனுக்கு முன் நீதிமானாக ஏற்கப்படுவது நீதிமானாக்கப்படுதல். வாழ்க்கை கொஞ்சம் கொஞ்சமாக மாறுவது பரிசுத்தமாக்கப்படுதல். கடைசி நாளில் முழுமை அடைவது மகிமைப்படுத்தப்படுதல். இன்னும் கைக்கு வராத மூன்றாவதைத் தவறவிடுவதும், கிடைத்துவிட்ட முதலாவதைப் பறிகொடுப்பதும் ஒன்றல்ல. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் சொல்லிக்கொண்டால் பல வாதங்கள் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது.

2. விசுவாசி. ஞானஸ்நானம் பெற்றவரா? சபைப் பதிவேட்டில் பெயர் உள்ளவரா? கூட்டத்தில் கையை உயர்த்தி ஜெபித்தவரா? பரிசுத்த ஆவியினால் மறுபடியும் பிறந்தவரா? முதல் மூன்றையும் வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். நான்காவது அப்படித் தெரிவதில்லை. சிக்கல் முழுவதும் அங்கேதான்.

3. இழப்பு. ஒரு பாவத்தில் விழுவது ஒன்று. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் குளிர்ந்துபோய் பின்வாங்கிக் கிடப்பது இன்னொன்று. கிறிஸ்துவே வேண்டாம் என்று தெரிந்தே, தீர்மானமாக விலகுவது மூன்றாவது. இதைத்தான் மறுதலிப்பு, விசுவாச துரோகம் என்கிறோம். ஒரு கோபத்தில் வாய்தவறிப் பேசியவரும், விசுவாசத்தை உதறிவிட்டுப் போனவரும் ஒரே தட்டில் வைக்கப்படுவதால் எத்தனையோ பேர் வீணாகப் பயந்து சாகிறார்கள்.

மூன்றாவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பேதுரு, இயேசுவை அறியேன் என்று மூன்று முறை சொன்னார், சத்தியம் செய்தும் சொன்னார். வார்த்தையை மட்டும் பார்த்தால் அது மறுதலிப்புதான். ஆனால் அதற்கு முன்பே இயேசு அவரிடம், "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்று சொல்லியிருந்தார் (லூக்கா 22:32). பயத்தில் வாய் மறுத்தது, விசுவாசம் ஒழிந்துபோகவில்லை. எந்தத் தரப்பும் பேதுருவை இரட்சிப்பை இழந்தவர்களுக்கு உதாரணமாகக் காட்டுவதில்லை என்பதே இந்த வித்தியாசத்தை எல்லோரும் உணர்ந்திருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம்.

"முடியாது" என்பவர்களின் வாதம்

இவர்கள் ஆரம்பிப்பது மனிதனிடமிருந்து அல்ல, தேவனிடமிருந்து. யோவான் 10:28இல் இயேசு தம் ஆடுகளைப் பற்றிச் சொல்கிறார்: "அவைகள் ஒருக்காலும் கெட்டுப்போவதில்லை, ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை." ரோமர் 8:30 ஒரு சங்கிலி போல நீள்கிறது: முன்குறித்தவர்களை அழைத்தார், அழைத்தவர்களை நீதிமான்களாக்கினார், நீதிமான்களாக்கினவர்களை மகிமைப்படுத்தினார். நடுவில் யாரும் உதிர்ந்துபோனதாக அந்த வசனத்தில் இல்லை. எபேசியர் 1:13-14 பரிசுத்த ஆவியை முத்திரை என்றும், வரப்போகும் சுதந்தரத்தின் அச்சாரம் என்றும் சொல்கிறது. தேவனே போட்ட முத்திரையை யார் உடைப்பது?

அப்படியானால் விலகிப் போனவர்கள்? அதற்கு 1 யோவான் 2:19 பதிலாக வருகிறது: "அவர்கள் நம்மைவிட்டுப் பிரிந்துபோனார்கள், ஆகிலும் அவர்கள் நம்முடையவர்களாயிருக்கவில்லை." மத்தேயு 7:23இல் இயேசு சிலரைப் பார்த்து "ஒருக்காலும் நான் உங்களை அறியவில்லை" என்பார். ஒரு காலத்தில் அறிந்திருந்தேன், பிறகு விட்டுவிட்டேன் என்று சொல்லவில்லை.

வாதம் உறுதியாக இருக்கிறது. ஆனால் ஒரு சங்கடம் உண்டு. யார் விலகினாலும் அவர் ஆரம்பத்திலேயே உண்மையான விசுவாசி இல்லை என்று சொல்லிவிட்டால், இந்தக் கொள்கையை எந்த உதாரணத்தாலும் அசைக்க முடியாது. முப்பது வருடம் உண்மையாக ஊழியம் செய்தவரைக்கூட, போன பிறகு "அன்றைக்கே போலி" என்று முத்திரை குத்த வேண்டியிருக்கும். அவரோடு பழகியவர்களுக்கு அதை நம்புவது அவ்வளவு சுலபம் இல்லை.

"முடியும்" என்பவர்களின் வாதம்

இவர்கள் நிபந்தனை வசனங்களைக் கையில் எடுக்கிறார்கள். புதிய ஏற்பாட்டில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. யோவான் 15:6இல் நிலைத்திராத கொடி வெளியே எறியப்பட்டு உலர்ந்துபோகிறது. ரோமர் 11:22, தேவனுடைய தயவில் நிலைத்திராவிட்டால் "நீயும் வெட்டுண்டுபோவாய்" என்று விசுவாசிகளுக்கே எழுதுகிறது. ரோமர் 8க்கு மூன்றே அதிகாரம் தள்ளி, அதே பவுல். கலாத்தியர் 5:4 "கிருபையினின்று விழுந்தீர்கள்" என்கிறது. விழ முடியாத இடத்திலிருந்து எப்படி விழுவது என்று இவர்கள் கேட்கிறார்கள்.

யோவான் 10க்கும் இவர்களிடம் பதில் உண்டு. யாரும் பறிக்க முடியாது என்றுதான் இருக்கிறது. ஆடு தானாக வெளியேற முடியாது என்று இல்லையே? மறுதரப்பு விடாது: "ஒருக்காலும் கெட்டுப்போவதில்லை" என்பதில் தானாக வெளியேறுவதும் அடங்கும் என்பார்கள். சொல்லப்போனால் இந்த ஒரு வசனத்தின் மீது இரு தரப்பும் நூற்றாண்டுக் கணக்கில் இப்படித்தான் கயிறு இழுத்துக்கொண்டிருக்கின்றன.

இந்தத் தரப்பின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. எந்தக் கட்டத்தில் இழக்கிறோம்? ஒரு பாவத்திலா, நூறாவது பாவத்திலா? தெளிவான எல்லை சொல்லாத சபைகளில் மனிதர்கள் ஞாயிறுதோறும் இரட்சிக்கப்பட்டு, திங்கள்தோறும் இழந்துகொண்டிருப்பார்கள். டச்சு இறையியலாளர் ஆர்மினியஸின் வழிவந்த தேர்ந்த இறையியலாளர்கள் பலர் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே, விசுவாசத்தால் பெற்றதை அவிசுவாசத்தால் மட்டுமே இழக்கலாம், தடுக்கி விழுவதால் அல்ல என்று கவனமாக வரையறுக்கிறார்கள்.

எபிரெயர் 6: எல்லோரும் தயங்கி நிற்கும் இடம்

மற்ற வசனங்களை ஏதோ ஒரு பக்கம் சேர்த்துவிடலாம். எபிரெயர் 6:4-6 அப்படி மசியாது. அங்கே சொல்லப்படுபவர்கள் ஒருதரம் பிரகாசிப்பிக்கப்பட்டவர்கள்; பரம ஈவை ருசிபார்த்தவர்கள்; பரிசுத்த ஆவியைப் பெற்றவர்கள்; தேவனுடைய நல்வார்த்தையையும் இனிவரும் உலகத்தின் பெலன்களையும் ருசிபார்த்தவர்கள். இப்படிப்பட்டவர்கள் மறுதலித்துப்போனால் அவர்களை மறுபடியும் மனந்திரும்புதலுக்குப் புதுப்பிப்பது "கூடாதகாரியம்" என்று முடிகிறது. இதற்குச் சொல்லப்படும் முக்கியமான விளக்கங்கள் நான்கு.

1. இவர்கள் உண்மையான விசுவாசிகள், உண்மையாகவே இழந்தவர்கள். சாதாரணமாக வாசித்தால் மனதில் படுவது இதுதான். ஆனால் இதை ஏற்றால் அடுத்த வரியையும் ஏற்க வேண்டும்: இழந்தவர் திரும்ப முடியாது. "இழக்கலாம், ஆனால் திரும்பியும் வரலாம்" என்று போதிக்கும் சபைகளுக்கு அந்த வரி நெருடும். அவர்கள் பெரும்பாலும், கிறிஸ்துவை மறுத்துக்கொண்டே இருக்கும்வரை கூடாது என்று அதை விளக்குவார்கள்.

2. இவர்கள் கிட்டத்தட்ட விசுவாசிகள், ருசிபார்த்தார்கள், விழுங்கவில்லை. பதினாறாம் நூற்றாண்டின் ஜான் கால்வினைப் பின்பற்றும் சீர்திருத்த மரபில் பரவலான விளக்கம். அடுத்த இரண்டு வசனங்கள் இதற்குக் கைகொடுக்கின்றன: ஒரே மழையைக் குடித்த நிலங்களில் ஒன்று பயிரைத் தருகிறது, இன்னொன்று முள்ளை முளைப்பிக்கிறது. ஆனால் அதே நிருபத்தின் 2:9 இயேசு எல்லோருக்காகவும் மரணத்தை "ருசிபார்த்தார்" என்கிறது. அங்கே யாரும் அதை நுனிநாக்குச் சமாசாரமாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு இந்த விளக்கத்தில் உதைப்பது இந்த இடம்தான்.

3. இது நடக்காத ஒன்றைக் கற்பனையாகச் சொல்லி எச்சரிப்பது. நடக்கவே நடக்காது என்றால் அவ்வளவு கடுமையாக எச்சரிப்பானேன் என்ற கேள்வி உடனே எழும்.

4. இழப்பது இரட்சிப்பை அல்ல, பலனை மட்டும். 1 கொரிந்தியர் 3:15இல் ஒருவனுடைய வேலை வெந்துபோகும், அவனோ அக்கினியில் அகப்பட்டுத் தப்பினதுபோல இரட்சிக்கப்படுவான் என்று இருப்பதைத் துணைக்கு அழைப்பார்கள். ஆனால் எபிரெயர் 6:8இல் அந்த நிலத்தின் முடிவு சுட்டெரிக்கப்படுவது. எரிவது பயிர் மட்டும் என்று அங்கே இல்லை.

விவாதத்தில் அதிகம் தவறவிடப்படுவது 9ஆம் வசனம். இவ்வளவு கடுமையாக எழுதிய கையோடு ஆசிரியர், "பிரியமானவர்களே, நாங்கள் இப்படிச் சொன்னாலும்" என்று ஆரம்பித்து, இரட்சிப்புக்குரிய காரியங்கள் உங்களிடம் உண்டென்று நம்பியிருக்கிறோம் என்கிறார். எச்சரிக்கையும் நம்பிக்கையும் ஒரே மூச்சில் வருகின்றன. இந்த நிருபத்தின் வாசகர்கள் உபத்திரவத்தைக் கண்டவர்கள். ஆஸ்திகள் கொள்ளையிடப்பட்டதையும் சந்தோஷமாகச் சகித்தவர்கள் என்று 10ஆம் அதிகாரம் சொல்கிறது. அலுத்துப்போய் விட்டுவிடலாமா என்று யோசிப்பவர்களைப் பிடித்து நிறுத்துவதற்காக எழுதப்பட்ட பகுதி இது.

வரலாற்றில் இந்தக் கேள்வி எப்படி வளர்ந்தது

கேள்வி முதலில் புத்தகத்தில் எழவில்லை. ரோமப் பேரரசின் பலிபீடத்தின் முன் எழுந்தது. 250ஆம் ஆண்டில் தேசியு பேரரசரின் கட்டளைப்படி எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட்டு, அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். அப்படிப்பட்ட சான்றிதழ்கள் பாப்பிரஸில் எழுதப்பட்டு எகிப்தில் இன்றைக்கும் கிடைத்திருக்கின்றன: எப்போதும் தேவர்களுக்குப் பலியிட்டு வந்தேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பலியிட்டு அதைப் புசித்தேன், சான்றளியுங்கள் என்று விண்ணப்பம், கீழே சாட்சிகளின் கையொப்பம். கிறிஸ்தவர்களில் சிலர் மறுத்துச் சிறைக்கோ சாவுக்கோ போனார்கள். பலர் பலியிட்டார்கள். இன்னும் சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். உபத்திரவம் தணிந்ததும் விழுந்தவர்கள் சபைக் கதவைத் தட்டினார்கள்.

கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான், தவம் செய்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றார். ரோமில் நொவேஷியன் என்ற குரு ஒத்துக்கொள்ளவில்லை. தேவன் மன்னிப்பாரா என்பது தேவன் கையில், சபைக்கு அந்த அதிகாரம் இல்லை என்று சொல்லி 251இல் தனியாகப் பிரிந்தார். அந்தக் காலத்தில் யாரும் "அவர்கள் முதலிலேயே விசுவாசிகள் இல்லை" என்று வாதாடவில்லை என்பதைக் கவனிக்கலாம். விழுந்தார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. திரும்ப எடுப்பதா என்பதுதான் கேள்வி.

428-429 வாக்கில், சாவதற்குச் சற்று முன், அகஸ்டின் இதை வேறு தளத்துக்குக் கொண்டுபோனார். முடிவுவரை நிலைத்திருப்பதே தேவன் தரும் ஒரு வரம் என்றார். ஆனால் அவருடைய கணக்கில், உண்மையாகவே மறுபிறப்படைந்த ஒருவருக்கும் அந்த வரம் தரப்படாமல் போகலாம். உயிரோடிருக்கும்வரை தனக்கு அது கிடைத்ததென்று யாரும் உறுதியாகச் சொல்லவும் முடியாது. இன்றைக்கு இரு தரப்புமே அகஸ்டினைத் தங்கள் ஆள் என்று இழுக்கின்றன. இரண்டுமே பாதி சரி.

பிற்பாடு நிலைப்பாடுகள் கெட்டியாயின.

1. கத்தோலிக்கத் திருச்சபை 1547 ஜனவரியில் திரிதெந்து சங்கத்தில் முடிவாகச் சொன்னது: நீதிமானாக்கும் அருளைச் சாவான பாவம் எதனாலும் இழக்கலாம், ஒப்புரவு அருட்சாதனத்தின் (குருவிடம் பாவ அறிக்கை செய்து மன்னிப்புப் பெறுவது) வழியாக மீண்டும் பெறலாம். தனி வெளிப்பாடு இல்லாமல், முடிவுவரை நிலைத்திருப்பேன் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆர்த்தடாக்ஸ் சபைகளும் இரட்சிப்பை ஆயுள் முழுவதும் நடக்கும் பயணமாகவே பார்க்கின்றன.

2. லூத்தரன் சபை 1530இன் ஆக்ஸ்பர்க் அறிக்கையிலேயே, ஒருதரம் நீதிமானாக்கப்பட்டவர் பரிசுத்த ஆவியை இழக்கவே முடியாது என்ற கருத்தைக் கண்டித்துவிட்டது. புராட்டஸ்டன்ட் என்றாலே "இழக்க முடியாது" கட்சி என்று நினைப்பவர்களுக்கு இது புதிதாக இருக்கும்.

3. சீர்திருத்த சபைகள் கால்வினின் வழியில் எதிர்ப்பக்கம் போயின. ஹாலந்தில் ஆர்மினியஸ் 1609இல் இறந்த பிறகு அவருடைய ஆதரவாளர்கள் 1610இல் ஐந்து கருத்துகளை முன்வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், இரட்சிப்பை இழக்கலாமா என்ற ஐந்தாவதில் அவர்களே முடிவுக்கு வரவில்லை. வேதத்தை இன்னும் ஆராய வேண்டும் என்றுதான் எழுதினார்கள். இழக்கலாம் என்ற உறுதி பிறகுதான் வந்தது. 1618 நவம்பரிலிருந்து 1619 மே வரை டோர்ட் நகரில் கூடிய சீர்திருத்த சபைகளின் மாநாடு அவர்களை நிராகரித்தது. பரிசுத்தவான்களின் நிலைநிற்பு (உண்மையான விசுவாசி முடிவுவரை நிலைத்திருப்பார்) என்ற போதனை அங்கேதான் விரிவாக எழுதப்பட்டது. அரசியலும் அதில் கலந்திருந்தது. ஆர்மினியர்களுக்கு ஆதரவாயிருந்த தலைவர் ஓல்டன்பார்னவெல்ட் அதே மே மாதம் தலை வெட்டப்பட்டார்.

4. மெதடிஸ்டுகள், ஜான் வெஸ்லியைப் பின்பற்றி, இழக்கலாம் என்றார்கள். வெஸ்லியும் அவருடைய நண்பர் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டும் ஒரே எழுப்புதலில் ஒன்றாக உழைத்தவர்கள். 1740ஐ ஒட்டி முன்குறித்தல் விஷயத்தில் பகிரங்கமாகவே மோதிக்கொண்டார்கள். இரட்சணிய சேனையும், பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலானவையும் வெஸ்லி பக்கம். பாப்டிஸ்டுகளில் இரண்டு வகையும் உண்டு.

"என்ன செய்தாலும் பரலோகம்" எங்கிருந்து வந்தது?

இப்போது அந்த மூன்றாமவரிடம் வருவோம். டோர்ட் தீர்மானங்களைப் புரட்டிப் பார்த்தால் அவருக்கு அங்கே இடம் இல்லை. தாவீது, பேதுரு போன்றவர்கள் பெரிய பாவங்களில் விழலாம், பரிசுத்த ஆவியைத் துக்கப்படுத்தலாம், கிருபையின் உணர்வையே சில காலம் இழக்கலாம் என்று அது ஒப்புக்கொள்கிறது. ஆனால் தேவன் அவர்களை அப்படியே விட்டுவிடமாட்டார், மனந்திரும்பவைத்து மீட்பார் என்கிறது. அதாவது நிலைத்திருப்பது நடந்தே ஆகும். நிலைத்திராமலே போய்ச் சேரலாம் என்பதல்ல.

மூன்றாமவருடைய கருத்து, ஒரு முறை தீர்மானம் எடுத்தால் காரியம் முடிந்தது என்ற நவீன சுவிசேஷக் கூட்டங்களின் பழக்கத்தோடு ஒட்டி வளர்ந்தது. ஒரு ஜெபம், ஒரு தேதி, ஒரு அட்டையில் கையெழுத்து. கால்வினிடமிருந்து பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்: முடிவு நிச்சயம் என்பதை வைத்துக்கொண்டு, அந்த முடிவுக்கு வழியான நிலைநிற்பைக் கழற்றிவிட்டார்கள். 1980களில் அமெரிக்க சுவிசேஷகர்களுக்குள் இது பெரிய சர்ச்சையாகவே வெடித்தது. கனியில்லாத விசுவாசமும் இரட்சிக்குமா, கிறிஸ்துவை ஆண்டவராக ஏற்காமல் இரட்சகராக மட்டும் ஏற்க முடியுமா என்று அடித்துக்கொண்டார்கள்.

ஆக, ஆரம்பத்தில் சொன்ன அந்தப் பிரசங்கியார் அதே நிலையில் இறந்துபோனால்? ஆர்மினிய மரபில் வந்தவர் "இரட்சிக்கப்பட்டிருந்தார், இழந்தார்" என்பார். கால்வினிய மரபில் வந்தவர் "இரட்சிக்கப்பட்டிருக்கவே இல்லை" என்பார். கடந்த காலத்துக்கு வைக்கும் பெயர் வேறு, முடிவு ஒன்றே. உயிரோடிருக்கும்வரை இருவரும் அவருக்குச் சொல்வதும் ஒன்றே: மனந்திரும்பு. மூன்றாமவர் மட்டும்தான், கவலைப்படாதே என்று சொல்லி அனுப்புவார்.

உறுதியும் எச்சரிக்கையும் சேர்ந்து நிற்குமா?

கால்வினியத்திற்கு எதிராக அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: முடிவு நிச்சயம் என்றால் எச்சரிப்பு நாடகம்தானே? இதற்கு அவர்கள் காட்டும் மிகச் சிறந்த உதாரணம் நிருபங்களில் இல்லை, அப்போஸ்தலர் 27இல் ஒரு கப்பலில் இருக்கிறது.

பவுல் கைதியாக ரோமுக்குப் போகும் வழியில் புயல். கப்பலில் 276 பேர். தேவதூதன் வந்து சொன்னதை வைத்துப் பவுல் எல்லோருக்கும் வாக்குக் கொடுக்கிறார்: கப்பல் சேதமாகும், ஆனால் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது. முடிவு சொல்லியாயிற்று. பதினான்காம் நாள் இரவு, மாலுமிகள் நங்கூரம் போடுவதுபோலப் பாவனை காட்டிப் படகை இறக்கித் தப்பிக்கப் பார்க்கிறார்கள். உடனே பவுல் நூற்றுக்கு அதிபதியிடம், "இவர்கள் கப்பலிலிருந்தாலன்றி நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்" என்கிறார். போர்ச்சேவகர் படகின் கயிறுகளை அறுத்துவிடுகிறார்கள். கடைசியில் சிலர் நீந்தி, சிலர் பலகைகளைப் பிடித்து, எல்லோரும் கரை சேர்கிறார்கள்.

எல்லோரும் பிழைப்பார்கள் என்ற வாக்கு உண்மை. மாலுமிகள் போனால் பிழைக்கமாட்டார்கள் என்ற எச்சரிக்கையும் உண்மை. அந்த எச்சரிக்கை கேட்கப்பட்டதால்தான் வாக்கு நிறைவேறியது. டோர்ட் தீர்மானங்கள் ஐந்தாம் பகுதியின் 14ஆம் பிரிவில் இதையேதான் கொள்கையாகச் சொல்கின்றன: தேவன் தம் வசனத்தின் புத்திமதிகளையும் பயமுறுத்தல்களையும் வாக்குத்தத்தங்களையும் கொண்டே தம்முடையவர்களைக் காத்துக்கொள்கிறார். ஆர்மினியர்களை இது திருப்திப்படுத்தாது. ஒருவேளை சேவகர் கயிற்றை அறுக்காமல் இருந்திருந்தால் என்று அவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எச்சரிக்கை வசனங்களைக் கண்டால் பக்கத்தைப் புரட்டிவிடும் கால்வினியர் தன் சொந்த மரபையே அறியாதவர் என்பது மட்டும் இதிலிருந்து தெளிவு.

நிச்சயம் யாருக்கு அதிகம்?

இழக்க முடியாது என்று நம்புகிறவருக்கு நிம்மதி, இழக்கலாம் என்று நம்புகிறவருக்குப் பயம் என்று பொதுவாக நினைக்கிறோம். மனித மனம் அப்படி வேலை செய்வதில்லை.

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் பன்யன், கிறிஸ்துவை விற்றுவிடு என்று உள்ளுக்குள் ஒரு குரல் ஓயாமல் நச்சரிக்க, ஒரு கட்டத்தில் "வேண்டுமானால் போகட்டும்" என்று மனதுக்குள் விட்டுக்கொடுத்ததாக 1666இல் எழுதினார். அப்புறம் எபிரெயர் 12:17இல் வரும், பிறப்புரிமையை விற்றுவிட்டுப் பிறகு ஆசீர்வாதத்தைத் தேடியும் பெறாத ஏசாவின் கதி தனக்கும் வந்துவிட்டதென்று நீண்ட காலம் நடுங்கினார். அந்த நேரத்தில் பிரான்செஸ்கோ ஸ்பியேராவின் கதையைப் படித்தது எரிகிற புண்ணில் உப்பைத் தேய்த்தது. ஸ்பியேரா இத்தாலிய வழக்கறிஞர். 1548இல் விசாரணை மன்றத்துக்குப் பயந்து தன் புராட்டஸ்டன்ட் நம்பிக்கையைப் பகிரங்கமாகக் கைவிட்டு, தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்ற தீராத ஏக்கத்திலேயே செத்தவர். பன்யன் மீண்டு வந்தார்.

கவிஞர் வில்லியம் கூப்பர் மீளவில்லை. விசுவாசி கைவிடப்படமாட்டான் என்ற கால்வினிய போதனையை நம்பியவர் அவர். ஜான் நியூட்டனோடு சேர்ந்து பாமாலைகள் எழுதியவர். கடுமையான மனச்சோர்வு அவரை விடாமல் துரத்தியது. 1773இல் வந்த ஒரு கனவுக்குப் பிறகு தேவன் தன்னை ஒதுக்கிவிட்டதாகவே முடிவுகட்டினார். இரட்சிப்பை யாரும் இழக்க முடியாது என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. தனக்கு அது முதலிலேயே கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். 1800இல் சாகும்வரை அந்த எண்ணம் நீங்கவில்லை.

போதனை எதுவானாலும் "நான் உண்மையாகவே விசுவாசிதானா?" என்ற கேள்வி எந்தப் பக்கத்திலும் மிச்சம் இருக்கிறது. 1640களில் கால்வினிய மரபில் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை இதை நன்றாகவே அறிந்திருந்தது. நிலைநிற்புக்கு ஒரு அதிகாரம், நிச்சயத்துக்கு இன்னொரு அதிகாரம் என்று பிரித்து, உண்மையான விசுவாசியின் நிச்சயமும் பல காரணங்களால் ஆட்டங்காணலாம் என்று வெளிப்படையாக எழுதிவைத்தது. ஒருவர் பயத்தில் இருக்கிறார் என்பதை வைத்து அவர் இழந்துவிட்டார் என்றோ, நிம்மதியாக இருக்கிறார் என்பதை வைத்து அவர் பத்திரமாக இருக்கிறார் என்றோ சொல்ல முடியாது. கூப்பரைப் போன்றவருக்கு வசனத்தோடு வைத்தியமும் தேவை.

போனவர் திரும்ப வரலாமா?

குடும்பத்தில் ஒருவர் விலகிப்போனவர்களுக்கு மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதுவே முக்கியம். நொவேஷியன் மூடிய கதவைப் பிரதான சபை திறந்தே வைத்தது. 325இல் நிசேயா சங்கம், ரோமப் பேரரசர் லிசினியு காலத்தில் எந்த வற்புறுத்தலும் இல்லாமலே, சொத்துக்கோ உயிருக்கோ ஆபத்து வராமலே விசுவாசத்தை விட்டவர்களைப் பற்றித் தீர்மானித்தது. தயவுக்குத் தகுதியில்லாதவர்கள்தான், ஆனாலும் இரங்குவோம் என்று சொல்லி வழி வகுத்தது: உண்மையாய் மனந்திரும்பினால் மூன்று வருடம் வசனம் கேட்பவர்களோடு, ஏழு வருடம் தாழவிழுந்து ஜெபிப்பவர்களோடு, இரண்டு வருடம் நற்கருணை இல்லாமல் ஜெபத்தில் மட்டும் சபையோடு. மொத்தம் 12 வருடம். ஆனால் இடையில் சாகக் கிடந்தால் காத்திருக்க வைக்கக்கூடாது, நற்கருணையைக் கொடுத்துவிட வேண்டும் என்று இன்னொரு விதியையும் சேர்த்தது.

இன்றைக்கு 12 வருடக் கணக்கு இல்லை. கத்தோலிக்கர் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு அழைப்பார். மெதடிஸ்ட், இழந்ததை மறுபடி பெற்றார் என்பார். கால்வினியர், இழக்கவே இல்லை, அவர் திரும்பியதே அதற்குச் சாட்சி என்பார். எபிரெயர் 6இன் "கூடாதகாரியம்" தனக்கும் பொருந்துமோ என்று பயந்து வருகிறவருக்கு எல்லா மரபிலும் ஏறக்குறைய ஒரே பதில்தான் கிடைக்கும்: அந்த வசனம் கிறிஸ்துவை மறுபடியும் சிலுவையில் அறைந்து அவமானப்படுத்துகிறவர்களைப் பற்றியது; அவரிடம் திரும்பி வர ஏங்குகிறவர் அதைச் செய்துகொண்டிருக்கவில்லை.